விளையாடும் குழந்தைக்குப் பக்கத்தில் டீச்சருக்கு என்ன வேலை? மழலையர் வகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்னக் குழந்தைகள் விளையாட்டு வழியாகத்தான் கற்க வேண்டும் என்பதை இப்போது யாரும் பெரிதாக மறுப்பதில்லை. சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது டீச்சர் என்ன செய்வது? நடைமுறையில் இரண்டு பதில்களைப் பார்க்கலாம். ஒன்று, "போய் விளையாடுங்க" என்று அனுப்பிவிட்டுப் பதிவேட்டை எழுத உட்காருவது. இன்னொன்று, குழந்தை ஒரு கட்டையைத் தொட்டதுமே "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? எண்ணு பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பது. முதலாவதில் கற்றல் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டாவதில் விளையாட்டே காணாமல் போய்விடுகிறது.

என்னைக் கேட்டால், டீச்சரின் வேலையில் முக்கால்வாசி விளையாட்டு தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் நடக்கிறது. இடத்தை ஒழுங்குபடுத்துவது, பொருட்களைத் தேர்ந்தெடுப்பது, பார்த்ததை எழுதி வைப்பது, அதை வைத்து நாளைக்கு என்ன மாற்றலாம் என்று யோசிப்பது எல்லாம் அதில் அடக்கம். விளையாட்டின் நடுவே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை எப்போது, எப்படிச் செய்வது என்பதுதான் கடினமான பகுதி. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை மனதில் வைத்து, வேலை நடக்கும் வரிசையிலேயே போவோம்.

படி 1: எதையும் மாற்றாமல் பாருங்கள்

புது வகுப்பை ஏற்றதும் சுவரில் படம் ஒட்டக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதல் சில நாட்கள் ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று குழந்தைகளை மட்டும் குறித்துக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "ரொம்பச் சேட்டை" என்பது தீர்ப்பு. "கட்டைகளைக் கூடையில் நிரப்பி, அறையின் மறுகோடிக்கு இழுத்துப் போய்க் கொட்டினான். திரும்ப நிரப்பினான். நான்கு முறை செய்தான்" என்பது குறிப்பு. முதலாவதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது ஒரு பெரிய துப்பு.

என்ன துப்பு என்றால், இந்த வயதுக் குழந்தைகள் ஒரே வகைச் செயலைப் பல பொருட்களில் விடாமல் செய்து பார்ப்பார்கள். ஒருத்தி எதைப் பார்த்தாலும் துணியால் மூடுவாள், பையில் போட்டு முடிவாள். இன்னொருவன் சக்கரம், மூடி, குழாய் என்று சுற்றுவதாக இருந்தால் போதும், அங்கேயே நிற்பான். வேறொருவன் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே போடுவான். பிரிட்டனில் கிறிஸ் ஏத்தி என்ற கல்வியாளர் இந்த மாதிரிச் செயல் வடிவங்களை விரிவாக ஆராய்ந்தார். இவற்றைக் குறும்பு என்று அதட்டி நிறுத்தலாம். அல்லது, "கொண்டுபோய்க் கொட்டுவதில் ஆர்வமாக இருக்கிறான், நாளைக்கு ஒரு தள்ளுவண்டியும் வேறு வேறு எடையுள்ள பைகளும் வைத்தால் என்ன?" என்று யோசிக்கலாம். கனம், தூரம், நிறைவு, வெறுமை எல்லாமே அந்த வண்டிக்குள் இருக்கின்றன.

யாரோடு விளையாடுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் கைகொடுக்கிறது. சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்தும் தனித்தனியாக விளையாடுவது, பொருட்களைப் பகிர்ந்து விளையாடுவது, சேர்ந்து திட்டமிட்டு விளையாடுவது என்று அவர் பிரித்தார். இதை ஏணிப்படியாக நினைக்க வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையும் சில சமயம் தனியாக இருக்க விரும்பும். அதற்கு உரிமை உண்டு. வேடிக்கை பார்க்கும் குழந்தை "கலந்துகொள்ளவில்லை" என்று அவசரப்படாதீர்கள். விளையாட்டின் விதிகளை அது கண்ணாலேயே படித்துக்கொண்டிருக்கலாம்.

படி 2: இடத்தைப் பிரியுங்கள்

அறையின் நடுவே பெரிய வெற்றிடம் இருந்தால் குழந்தைகள் ஓடத்தான் செய்வார்கள். அது அவர்கள் தப்பில்லை, அறை அப்படிச் சொல்கிறது. இடுப்பளவு உயரமுள்ள அலமாரிகளை வைத்தே அறையை மூலைகளாகப் பிரிக்கலாம். குழந்தைக்குத் தனி இடம் கிடைக்கும், உங்களுக்கோ நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரியும். கட்டை அடுக்கும் மூலை நடைபாதையில் இருக்கவே கூடாது. கட்டிய கோபுரத்தை யாராவது தட்டிவிட்டுப் போவார்கள், அன்றைய பொழுது அழுகையில் போகும். அந்த மூலையில் ஒரு கெட்டியான விரிப்பு போட்டால் சத்தமும் குறையும். தண்ணீர், வண்ணம், களிமண் எல்லாம் குழாயடிக்குப் பக்கத்தில். புத்தக மூலை வெளிச்சத்துக்கும் அமைதிக்கும் பக்கத்தில். பாவனை விளையாட்டு மூலையைக் கட்டை மூலையை ஒட்டி வைத்துப் பாருங்கள். வீட்டு விளையாட்டுக்குக் கட்டில் வேண்டும் என்று கட்டையைத் தேடிப் போவார்கள், பிறகு இரண்டு கூட்டமும் ஒன்றாகும்.

பொருட்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், மூடியில்லாத தட்டுகளில் இருக்க வேண்டும். தட்டில் அந்தப் பொருளின் படம், அலமாரியிலும் அதே படம். எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் இதனால் வரும், வகை பிரிக்கும் கணக்கும் கூடவே வரும். மூன்று வயதுக்கான அறையை வடிவமைத்துவிட்டு, ஒருமுறை முழங்காலிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். சுவரில் நீங்கள் அழகாக ஒட்டிய படங்களில் பாதி அந்த உயரத்திலிருந்து தெரியவே தெரியாது.

படி 3: பொருட்கள்: பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மை வேண்டாம்

ஒரே ஒரு வேலை செய்யும் பொம்மையில் குழந்தை செய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை. பட்டனை அழுத்தும், பாட்டு வரும், ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையில், உதிரிப் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, ஒரு சூழலில் கண்டுபிடிப்புக்கும் படைப்புக்கும் அவ்வளவு வாய்ப்பு என்றார். துணித் துண்டுகள், அட்டைப்பெட்டிகள், கயிறு, பலகைகள், குழாய்த் துண்டுகள், மூடிகள், கூழாங்கற்கள், காய்ந்த இலைகள். இவற்றுக்கு இதுதான் பயன் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி காலையில் கப்பல், மதியம் ஆஸ்பத்திரி.

வாங்குவதற்குக் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை மரக்கட்டைகளில் போடுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கரோலின் பிராட் வடிவமைத்த கட்டைகளின் சூட்சுமம் அவற்றின் அளவு விகிதம். தடிமன், அகலம், நீளம் 1:2:4 என்று இருக்கும். இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டையின் நீளம் வரும். குழந்தை பாதி, இரட்டிப்பு என்ற சொற்களைக் கேட்கும் முன்பே கையால் அதை அறிந்துவிடுகிறது. எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு பேருக்கு இருபது கட்டை கொடுத்தால் அங்கே கட்டடம் வராது, சண்டைதான் வரும்.

கட்டை விளையாட்டு எப்படி வளர்கிறது என்பதை ஹாரியட் ஜான்சன் 1933-இலேயே எழுதிவிட்டார். முதலில் கட்டைகளைச் சும்மா தூக்கிக்கொண்டு அலைவார்கள். பிறகு வரிசையாக வைப்பார்கள், அடுக்குவார்கள். அப்புறம் இரண்டு கட்டைக்கு மேலே ஒன்றை வைத்துப் பாலம். பிறகு நான்கு பக்கமும் கட்டை வைத்து ஓர் அடைப்பு. அதற்குப் பிறகுதான் இருபக்கமும் ஒத்த அலங்காரம், "இது எங்க வீடு" என்று பெயர் வைப்பது எல்லாம். உங்கள் குறிப்பேட்டில் இந்த வரிசை இருந்தால், ஒரு குழந்தை எங்கே நிற்கிறது, அடுத்து எதை முயலும் என்பது புரியும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் அறையில், பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது. பட்டன் பேட்டரியும் சிறு காந்தங்களும் அறைக்குள்ளேயே வரக் கூடாது, விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். தண்ணீர்த் தொட்டியில் சில சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். விளையாட்டு முடிந்ததும் கொட்டிவிட வேண்டும். இதற்காகக் கொஞ்சம் உயரம் ஏறுவது, குதிப்பது, கனமானதைத் தூக்குவது எல்லாவற்றையும் தடை செய்துவிடாதீர்கள். குழந்தையால் பார்த்துக் கணிக்க முடிகிற ஆபத்து ஒன்று, அதன் கண்ணுக்கே தெரியாத ஆபத்து இன்னொன்று. ஏறும் சட்டத்தின் உயரம் முதல் வகை. அதே சட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஆணி இரண்டாவது வகை. உங்கள் வேலை இரண்டாவதை அகற்றுவது.

படி 4: நேரத்தைத் துண்டு போடாதீர்கள்

இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும் வகுப்பில் ஆழமான விளையாட்டு வரவே வராது. யார் அம்மா, யார் டாக்டர் என்று பேசி முடிப்பதற்கே கால் மணி நேரம் ஆகும். குறைந்தது முக்கால் மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் தொடர்ச்சியாக விடுங்கள். முடிக்கும் முன் சொல்லிவிடுங்கள், அதுவும் "அஞ்சு நிமிஷம்" என்று அல்ல. நிமிடம் அவர்களுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வாங்க" என்றால் புரியும். கட்டி முடிக்காத கட்டடத்தை நாளை வரை அப்படியே விட்டுவைக்க ஓர் ஓரம் ஒதுக்குங்கள். நேற்றைய வேலையைத் தொடர்வது இந்த வயதில் பெரிய விஷயம்.

வெளி விளையாட்டு பரிசும் அல்ல, தண்டனையாகப் பிடுங்க வேண்டியதும் அல்ல. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

படி 5: உள்ளே நுழைவது

இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ஒரு புதுப் பொருளைத் தரும்போது வாயைக் கட்டுங்கள். எலிசபெத் போனாவிட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பல வேலைகள் செய்யும் ஒரு புது பொம்மை. சில குழந்தைகளுக்கு, "இது எப்படி வேலை செய்யும்னு காட்டறேன்" என்று ஒரே ஒரு வேலையை, அதாவது கீச்சென்று சத்தம் வருவதை, செய்து காட்டினார்கள். மற்றவர்களுக்கு அப்படிக் கற்றுத்தரவில்லை. செய்து காட்டப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், பொம்மையில் வேறென்ன இருக்கிறது என்று அவ்வளவாகத் தேடவில்லை. பெரியவர் இதை மட்டும்தான் காட்டினார் என்றால் இவ்வளவுதான் இருக்கிறது போல என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. நியாயமான கணிப்புதானே! எனவே களிமண்ணைக் கொடுத்த கையோடு பாம்பு உருட்டிக் காட்டாதீர்கள். கத்தரிக்கோல் பிடிப்பது மாதிரி நேரடியாகக் காட்டினால்தான் வரும் திறன்களும் உண்டு, அவற்றைத் தயங்காமல் காட்டுங்கள். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று பிரிப்பதுதான் டீச்சரின் தொழில்.

இரண்டாவது, எப்போது உதவுவது? ஒரு குழந்தை இரண்டு கட்டைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, மேலே மூன்றாவதை வைத்துப் பாலம் போடப் பார்க்கிறாள் என்று வையுங்கள். இடைவெளி அதிகம். கட்டை விழுகிறது. மறுபடி வைக்கிறாள், விழுகிறது. அவள் முகத்தைப் பாருங்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டையையே பார்த்தபடி இருந்தால் விலகி இருங்கள், அவள் யோசிக்கிறாள். கட்டையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தாலோ, காலால் எட்டி உதைக்கத் தொடங்கினாலோ நுழையலாம். அப்போதும் கட்டையை நகர்த்திக் காட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் எட்டுது, அந்தப் பக்கம் எட்ட மாட்டேங்குது" என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். போதவில்லையா, ஒரு நீளமான கட்டையை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் பேசாமல் வையுங்கள். அதுவும் போதவில்லை என்றால், "இந்த ரெண்டையும் கிட்டத்துல கொண்டு வந்தா என்ன ஆகும்?" இவ்வளவும் செய்த பிறகுதான் கை. அடுத்த முறை இந்த வரிசையில் ஒரு படி முன்னதாகவே நிறுத்திப் பாருங்கள்.

இந்தப் படிப்படியான உதவியை விவரித்த 1976-ஆம் ஆண்டு ஆய்வில் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு கட்டுவதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் கட்டும்போது போடும் சாரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். சுவர் நின்றதும் சாரத்தை அவிழ்த்துவிட வேண்டும் என்பதைப் பல வகுப்புகளில் மறந்துவிடுகிறோம். இதற்கு முன்பே ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை தானே செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கற்பித்தல் பலன் தரும் என்று சொல்லியிருந்தார்.

மூன்றாவது, பேச்சு. விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன வடிவம்?" என்று கேட்கும் பெரியவருக்கு விடை தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பதில் நடப்பதை வர்ணியுங்கள்: "சக்கரத்தை முன்னாடி மாத்திட்ட போல." உங்கள் சந்தேகத்தை உரக்கச் சொல்லுங்கள்: "இவ்வளவு தண்ணி ஊத்தியும் மணல் குடிச்சிடுதே, எங்கே போகுது?" இப்படிச் சொன்னால் குழந்தை பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிகூட முழுதாகக் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ பள்ளி வகுப்புகளில் கண்டறிந்தார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மௌனம் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும், குழந்தைக்கு இருக்காது.

பாவனை விளையாட்டில் டீச்சராக நுழையாதீர்கள், பாத்திரமாக நுழையுங்கள். சொப்புச் சாமான்களை வைத்துக்கொண்டு குழந்தைகள் எதையும் தொடங்காமல் உட்கார்ந்திருந்தால், "கதவைத் தட்டறேன், யாராவது இருக்கீங்களா? குழந்தைக்குக் காய்ச்சல்" என்று ஒரு பொம்மையோடு போங்கள். யாராவது டாக்டராகிவிடுவார்கள். மருந்துச் சீட்டு கேளுங்கள், ஒரு தாளில் கிறுக்கித் தருவார்கள். எழுத்து எதற்கு என்பது அந்தக் கிறுக்கலில் இருக்கிறது. ஆட்டம் சூடு பிடித்ததும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுங்கள். சாரா ஸ்மிலான்ஸ்கி 1968-இல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்கள் இப்படித் துணை நின்றால் பாவனை விளையாட்டு வளமாகும் என்று காட்டியது. ஏற்கெனவே நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தில் இதைச் செய்ய வேண்டாம். நீங்கள் போனதும் ஆட்டம் நின்று எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தால், வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

படி 6: சண்டையும் ஒதுங்கலும்

ஒரே லாரியை இருவர் இழுக்கிறார்கள். "ஷேர் பண்ணு" என்று பிடுங்கி மற்றவனிடம் கொடுத்தால், பெரியவன் பிடுங்கலாம் என்ற பாடம்தான் போய்ச் சேரும். லாரியை உங்கள் கையால் பிடித்துக்கொண்டு, அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து, இருவர் சொல்வதையும் திரும்பச் சொல்லுங்கள். "நீ மண் ஏத்தணும்கிற. நீ இப்பதான் எடுத்தேங்கிற. ஒரு லாரிதான் இருக்கு. என்ன செய்யலாம்?" சில சமயம் அவர்களே வழி சொல்வார்கள், உங்களுக்கு அது நியாயமாகத் தோன்றாவிட்டாலும் இருவரும் ஒத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்காரர்களிடம் இந்தப் பஞ்சாயத்து நடக்காது. அவர்களுக்கு ஒரே மாதிரி இரண்டு லாரி வாங்கி வைப்பதுதான் தீர்வு. அடி விழுகிறது என்றால் பேச்சு அப்புறம், முதலில் நிறுத்துங்கள்.

ஒதுங்கி நிற்கும் குழந்தையை "அவங்களோட போய் விளையாடு" என்று தள்ளுவது அநேகமாகப் பலிக்காது. ஆட்டத்துக்குத் தேவைப்படும் ஒரு பொருளை அதன் கையில் கொடுத்து அனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போர்வை கொண்டுபோகிறவளை யாரும் வெளியே நிறுத்த மாட்டார்கள். பேச்சு தாமதமாக வரும் குழந்தை, வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை, சத்தத்தைத் தாங்க முடியாத குழந்தை ஆகியோருக்குத் தண்ணீர், மணல், களிமண் மூலைகள் பெரிய ஆறுதல். அங்கே பேசாமலும் சேர்ந்திருக்கலாம்.

படி 7: எழுதி, நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நாளின் முடிவில் நோட்டை எடுங்கள். மூன்று வரி போதும்: என்ன பார்த்தேன், அதில் குழந்தை எதைக் கண்டுபிடிக்க முயல்கிறது, நாளைக்கு எதைச் சேர்ப்பேன் அல்லது எடுப்பேன். ஓர் உதாரணம்: "தண்ணீர்த் தொட்டியில் எல்லாவற்றையும் மூழ்கவைக்கப் பார்க்கிறார்கள், மூடி மட்டும் மிதப்பதில் ஒரே ஆச்சரியம். நாளைக்கு: மூடியுள்ள பாட்டில்கள், கூழாங்கல். மொந்தைகளை எடுத்துவிடலாம்." ஒரே நாளில் நான்கு மூலையையும் மாற்றினால் எதனால் விளையாட்டு மாறியது என்றே தெரியாது. போட்டோ எடுப்பது நல்லது. ஆனால் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் படத்தை விட, கைகள் வேலை செய்யும் படம் பயன்படும். அதைக் குழந்தையிடமே காட்டி "இது எப்படிச் செஞ்ச?" என்று கேட்டு, சொல்வதை அதன் சொற்களிலேயே படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

படி 8: "எப்பதான் எழுதச் சொல்லிக்கொடுப்பீங்க?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்கும் பெற்றோரிடம் கொள்கை விளக்கம் பேசாதீர்கள். 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது, உண்மைதான். ஆனால் பென்சில் பிடிக்கவில்லையே என்று கவலைப்படுகிறவருக்கு அது பதிலாகாது. உங்கள் குறிப்பேட்டில் அவருடைய குழந்தையின் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். களிமண்ணைப் பிசைந்து, கிள்ளி, உருட்டுவது பென்சிலைப் பிடிக்கும் விரல்களுக்கான வேலை. சுவரில் பெரிய தூரிகையால் தண்ணீரை இழுப்பது தோளையும் மணிக்கட்டையும் பழக்குகிறது. மருந்துச் சீட்டில் போன மாதம் வெறும் கோடு, இந்த வாரம் தன் பெயரின் முதல் எழுத்து. இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்து வையுங்கள்.

முடிந்தால் ஒரு காலையில் பெற்றோரை வகுப்புக்கே வரச் சொல்லி, ஓர் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து தங்கள் குழந்தையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஒரு தாள், ஒரு பேனா. உதவக் கூடாது, திருத்தக் கூடாது, கூப்பிடவும் கூடாது. பார்த்ததை எழுதினால் போதும். போகும்போது அந்தத் தாளை வாங்கி, குழந்தையின் பதிவேட்டில் உங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.